ரேணுவை அண்ணி என்று கூப்பிடவா?

ஜூன் 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். தோய்த்தது எதுவும் காயவில்லை. கதிரை முதுகு, ஜன்னல் கம்பி, அலுமாரிக் கதவு எல்லாவற்றிலும் ஈரத்துணி.

செய்ய வேண்டியவை: சீவியை (பயோடேட்டா) திருத்த. காஸ். ரேணுவின் வெள்ளைக் கோட்டில் இருமல் மருந்துக் கறை (பார்மசியில் போத்தல் உடைந்ததாம்). நாளை இன்டர்வியூவுக்குச் சேலையா, சுடிதாரா.

செய்தது: கறை. அதுவும் போகவில்லை.

வேலை போய் மூன்றாவது மாதம். ஹோட்டல் ரிசப்ஷனில் ஆறு வருடம் மூன்று பாஷையில் பல்லைக் காட்டினேன். புது மேனேஜர் வந்தார், பின்னாலேயே அவருடைய மச்சினிச்சி வந்தாள், நான் வெளியே. "நங்கி, சீசன் வந்தா கூப்பிடுறோம்." நங்கியாம், தங்கச்சியாம். சீசனுக்கு மட்டும் எடுத்து மாட்ட நான் என்ன வெசாக் வெளிச்சக் கூடா?

மத்தியானம் முழுக்க போனில் வீடியோ. செருப்பு மாதிரி இருக்கும், கத்தியால் வெட்டினால் கேக். சவர்க்காரம் மாதிரி இருக்கும், அதுவும் கேக். கீழ் வீட்டு ராத்தா (முஸ்லிம் அக்கா) படியில் நின்று "தர்ஷினி, நித்திரையா?" என்று கேட்டபோதுதான் லைட் போடாமல் இருட்டில் கிடப்பது தெரிந்தது.

ரேணு வந்தபிறகு வழக்கம்போல லூடோ. நான், ரேணு, கட்டாரிலிருந்து சிவா அண்ணன், நாலாவது ஆள் கம்ப்யூட்டர். அண்ணன் என் காயைத் தேடித் தேடி வெட்டுகிறான். ரேணுவின் காயைத் தொடுவதே இல்லை. "பாவம் விடு, வீட்டுக்குப் போகட்டும்" என்கிறான். நான் பாவமில்லையாக்கும். போனைக் கட்டிலில் எறிந்துவிட்டேன். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்.

ஜூன் 4, புதன்

சேலைதான். மழையில் ஓரம் முழுக்கச் சேறு.

பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புகிற ஒரு ஆபீஸ். டை கட்டிய யாழ்ப்பாணத்து மனிதர். சீவியை ஒரு பார்வை, என் கழுத்தை ஒரு பார்வை.

"மிஸ் கலியாணம் முடிச்சிட்டியளோ?"

"இல்லை சேர்."

"வீட்டில பாக்கினமோ? ஏன் கேக்கிறன் எண்டா, நாங்கள் பழக்கி எடுக்க, நீங்கள் கலியாணம் எண்டு போயிடுவியள்."

"போக மாட்டேன் சேர்."

"அதெப்பிடி அவ்வளவு உறுதியாச் சொல்லுறியள்?"

எப்படிச் சொல்வதாம். எனக்குப் பொண்டாட்டி இருக்கிறாள் சேர், இரண்டு வருடமாக ஒரே தட்டில் சாப்பிடுகிறோம் என்றா? "சும்மா சொன்னேன் சேர்" என்று இளித்தேன். இளித்தேன்!

திரும்பி வரும்போது மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ் அசையவே இல்லை. சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் அருமையான பதில்கள். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டியும் வந்துகொண்டிருந்தன.

ஜூன் 6, வெள்ளி

காஸ் சிலிண்டர் வந்துவிட்டது. அதைத் தவிர நல்லதாக ஒன்றுமில்லை.

அம்மா பன்விலையிலிருந்து கூப்பிட்டாள். குரலில் தேன்.

"ஒனக்கு ஒண்ணு சொல்லுவேன். கத்தக் கூடாது."

"சொல்லும்மா."

"அண்ணனுக்கு நம்ம ரேணுவ கேக்கலாம்னு இருக்கேன்."

"எந்த ரேணு?" மடச்சி மாதிரிக் கேட்டேன்.

"ஏன்டி, ஒலகத்துல எத்தன ரேணு வச்சிருக்க நீ?"

பிறகு அடுக்கினாள். பொங்கலுக்கு வந்தபோது உட்காரச் சொன்னாலும் உட்காராமல் சட்டி பானை கழுவினாளாம். எந்த டப்பாவில் மல்லி, எதில் மிளகாய் என்று அவளுக்கு அத்துபடியாம். தினமும் அண்ணனோடு போனில் விளையாடுகிறாளாம், அண்ணன் அவளுக்கு விட்டுக்கொடுக்கிறானாம் ("எனக்கு என்னா கண்ணு அவிஞ்சா போச்சு?"). ஆவணியில் அண்ணன் லீவில் வருகிறான், அதற்குள் மாத்தளைக்குப் போய் ரேணு வீட்டில் பேசிவிட வேண்டுமாம். எல்லாவற்றையும் விடப் பெரிய அத்தாட்சியைக் கடைசியில் சொன்னாள்.

"என்னைய அத்தைனு கூப்பிடுறா. எந்தப் புள்ளடி கூட்டாளியோட அம்மாவ அத்தைனு கூப்பிடும்? எனக்கு அன்னைக்கே வெளங்கிருச்சு. அவ மனசுல ஒன் அண்ணன்தான்."

போனை வைத்துவிட்டு குசினிச் சுவரில் குத்தினேன். கை வீங்கியிருக்கிறது. எழுதக் கஷ்டம்.

முதல் தடவை ரேணுவைப் பன்விலைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது பஸ்ஸிலேயே யோசித்தோம், அம்மாவை என்னவென்று கூப்பிடுவது. ஆன்ட்டி என்றால் யாரோ மாதிரி. அம்மா என்றால் இவள் எனக்குத் தங்கச்சி ஆகிவிடுவாள், சீ. அத்தை என்று சொல்லலாம் என்றது நான்தான். கட்டிக்கொண்டவனின் அம்மா அத்தை என்றால், கட்டிக்கொண்டவளின் அம்மா யார்? வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு "எப்படி இருக்கீங்க அத்தை?" என்று அவள் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. மேளமில்லை, ஐயரில்லை. எங்களுக்கு நடந்த கல்யாணம் அவ்வளவுதான்.

அம்மா அதைச் சரியாகத்தான் விளங்கிக்கொண்டிருக்கிறாள். ஆளைத்தான் மாற்றிவிட்டாள்.

ரேணுவுக்கு இன்றைக்கு லேட் டியூட்டி. வந்ததும் படுத்துவிட்டாள். சொல்லவில்லை.

ஜூன் 7, சனி

ஹஜ்ஜுப் பெருநாள். ராத்தா வீட்டுக்கு மடவளையிலிருந்து சொந்தக்காரர்கள், படி முழுக்கச் செருப்பு. எங்களுக்கு ஒரு தட்டுச் சோறும் இறைச்சியும் அனுப்பினார். "ரெண்டு புள்ளயலும் சூட்டோட சாப்பிடுங்க."

அந்தத் தட்டுக்கு முன்னால்தான் ரேணுவிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு நான் நிறுத்திவிட்டேன், அவள் நிறுத்திவிட்டாள், அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"தர்ஷி, ஒண்ணு சொல்லட்டா?"

"வேணாம்."

"எங்க வீட்டுல தீபாவளிக்குள்ள முடிச்சிரணும்னு நிக்கிறாங்க. ஒனக்குத் தெரியும். எவனோ ஒருத்தன்னா ஒன்னைய நான் பாக்கவே ஏலாது. ஒன் அண்ணன்னா... அவரு ரெண்டு வருசத்துக்கு ஒருக்காதான வருவாரு. நான் ஒங்க வீட்டுலயே இருப்பேன்ல."

இவள் இதை இப்போது யோசித்துச் சொல்லவில்லை. ஏற்கெனவே யோசித்து வைத்திருந்த மாதிரி மளமளவென்று வருகிறது.

"எங்க வீட்டுல என்னவா இருப்ப? அண்ணியாவா? நான் ஒன்னைய அண்ணினு கூப்பிடணுமா?"

"ஊருக்கு முன்னாடிதான."

"அவன் வந்தா? லீவு மாசத்துல? அவன் என்ன மரக்கட்டையா? ஒன்ன வெட்டாம விட்டு, வீட்டுக்குப் போகட்டும்னு சொல்றான். அவன் நெசமாவே ஆசப்படுறான்டி!"

"அது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறியா?" என்றாள்.

தெரியும், தெரிந்துதான் சொல்கிறாள். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். எழுத மாட்டேன். அவள் அழுதுகொண்டே, "நான் கெட்டவ இல்ல தர்ஷி, எனக்குப் பயம்" என்றாள். கீழே பெருநாள் பிள்ளைகள் பட்டாசு மாதிரி ஏதோ வெடித்தார்கள். அதனால் யாருக்கும் கேட்டிருக்காது.

சோறு ஆறிவிட்டது. அதைச் சட்டியில் கொட்டிவிட்டுத் தட்டைக் கழுவிக் கொடுத்தேன். "ருசியா?" என்றார் ராத்தா. ரொம்ப ருசி என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது. பேச்சில்லை. அவள் கட்டிலில், நான் வெளிப் படியில்.

லூடோ கிடையாது. போனில் கரம் போர்ட் ஆடினேன். கரம் ஆப்பில் எனக்கு வேறு பெயர், "கண்டிக்காரன்". பெண் பெயர் வைத்தால் ஆட விடமாட்டான்கள், "ஹாய் டியர்" என்று உயிரை எடுப்பான்கள். கண்டிக்காரன் என்று வைத்த நாளிலிருந்து நிம்மதி. எல்லோரும் ப்ரோ.

இன்றைக்கு வரிசையாகத் தோற்றேன். ஒருத்தன் கேட்டான்: என்ன ப்ரோ, கை நடுங்குதா?

வீங்கிய கையோடு டைப் பண்ணினேன்: வைஃபோட சண்டை.

அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன் அந்தச் சொல்லை. வைஃப். உலகத்தில் ஒரு இடத்தில் எழுதிவிட்டேன். ஆப் அறையிலிருந்த மற்ற மூன்று பேரும் உச்சுக்கொட்டுகிறார்கள். ஒருத்தன்: அண்ணிக்கு என்ன கோவம்? இன்னொருத்தன்: எதுக்கும் நீங்களே மொதல்ல சாரி கேட்டுருங்க ப்ரோ. மூன்றாவது ஆள்: திங்க ஏதாவது வாங்கிட்டுப் போங்க, என் வீட்டுல அதுதான் வேலை செய்யும்.

முகம் தெரியாத தடியன்கள். என்னைப் பெற்றவளிடம், என் அண்ணனிடம், ஆறு வருடம் கூட வேலை செய்தவர்களிடம் சொல்ல முடியாததை இவன்களிடம் சொல்லி ஆறுதல் வாங்குகிறேன். அதுவும் ஆம்பிளை வேஷம் போட்டு. அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. காயைக் கண்டபடி அடித்துவிட்டு வெளியேறினேன்.

ஜூன் 9, திங்கள்

பேக்கரிப் பாண்காரனின் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. ஓடிப்போய் மீன் பணிஸ் நாலு. அந்தத் தடியனின் யோசனைதான், என்ன செய்ய.

ரேணு டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கோட்டில் அந்தக் கறை இன்னும். ஒரு பணிஸை எடுத்து நின்றபடியே தின்றாள். பாதியில் சொன்னாள்:

"வேணாம்னு சொல்லிரு அத்தைகிட்ட."

"நெசமாவா?"

"ராவெல்லாம் யோசிச்சேன். அவரு வந்து எறங்குற நாள நெனைச்சுப் பாத்தேன். என்னால ஏலாது. அவருக்கும் அநியாயம். ஆனா காரணம் சொல்லாத தர்ஷி. எனக்கு இஷ்டமில்லையாம்னு மட்டும் சொல்லு."

"சரி."

"சத்தியமா?"

"சத்தியமா." மற்றப் பாதியை என் வாயில் திணித்துவிட்டு ஓடினாள்.

கோபம் போய்விட்டதா என்றால் இல்லை. யோசிக்க அவளுக்கு ஒரு ராத்திரி தேவைப்பட்டதே.

பி.கு. யாழ்ப்பாண சேரிடமிருந்து தகவல் இல்லை.

ஜூன் 10, செவ்வாய். போசன் போயா (பௌர்ணமி)

எழுதித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் வெடித்துவிடுவேன்.

காலையில் பன்விலை பஸ். வத்தேகமவில் போயாவுக்கு இலவசமாகக் குடிக்கக் கொடுக்கும் தன்சல்காரர்கள் கொடியை ஆட்டி பஸ்ஸை மறித்து, ஜன்னலுக்குள் பெலிமல் (வில்வப்பூக் கஷாயம்) கோப்பையை நீட்டினார்கள். கொதிக்கக் கொதிக்க. வேண்டாம் என்றாலும் விடமாட்டார்கள். புண்ணியமாம். குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். வழி முழுக்க ஒரே வசனத்தை மனப்பாடம் செய்தேன்: அவளுக்கு இஷ்டமில்லையாம்மா. அவளுக்கு இஷ்டமில்லையாம்மா.

அம்மா குசினியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். சீனிப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்திருக்கிறாள், வீடியோவில் அண்ணன், தலையில் ஹெல்மட், கையில் தேத்தண்ணி. அவனுக்கு இன்றைக்கு வேலை நாள், இடைவேளையில் பேசுகிறான். என்னைக் கண்டதும் வெட்கப்பட்டான். முப்பத்துநாலு வயது மனிதன் வெட்கப்பட்டான்.

அவன் முன்னால் எப்படிச் சொல்ல? அவன் போனை வைக்கட்டும் என்று நின்றேன். அம்மா நிற்க விட்டால்தானே.

"மாரியம்மன் கோயில்லயே வச்சிரலாம். ஐயர்கிட்ட பேசிட்டேன்."

"அம்மா, பொறு..."

"சேலை நீதான் எடுக்கணும், ஒனக்குத்தான் அவ நெறம் தெரியும். அப்புறம் தாலி கட்டுறப்ப நீ பொறத்தாலயே நிக்கணும், கேட்டியா? மொத முடிச்சுத்தான் அண்ணன் போடுவான். மத்த ரெண்டு முடிச்சும் நாத்தனா போடுறது. நீதான் போடணும். பட்டிக்காட்டான் மாதிரி முழிக்காம இறுக்கிப் போடு."

அந்த முடிச்சு எனக்கு நினைவிலேயே இல்லை. எத்தனை கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன், அத்தை மகள்கள் குனிந்து போடுவதை. ரேணுவின் பின்கழுத்து. அவள் முடியைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, அண்ணன் பெயரில், என் கையால்.

மனப்பாடம் செய்த வசனம் போயே போய்விட்டது.

"ரெண்டு முடிச்சு நான்தான் போடணும்னா, மொத முடிச்சையும் நானே போட்டுக்கிறேன்."

அம்மாவுக்கு விளங்கவில்லை. "லூசு. மொத முடிச்சு மாப்புள்ள போடுறது."

"அதான் சொல்றேன். அவ என் ஆளும்மா. அண்ணனுக்கு இல்ல. நானும் அவளும் வாடகைக்கு மட்டும் ஒண்ணா இல்ல. புருசன் பொண்டாட்டி எப்படி இருப்பாங்களோ அப்படித்தான் இருக்கோம். ரெண்டு வருசமா. ஒன்னைய அத்தைனு கூப்பிட்டது என்னைய வச்சுத்தான்."

சத்தம் போட்டுத்தான் சொன்னேன். மெதுவாகச் சொல்ல வரவில்லை.

போனில் அண்ணன் கோப்பையைக் கீழே வைத்தான். "அம்மா, நான் அப்புறம் எடுக்குறேன்" என்றான், வழக்கமான குரலில். திரை கறுத்துவிட்டது.

ரொட்டி கருகி வீடெல்லாம் புகை. அம்மா அதைத் திருப்பவுமில்லை, எடுக்கவுமில்லை. என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "வேற யாருக்காச்சும் தெரியுமா?"

அதுதான் முதல் கேள்வி. உனக்குச் சுகமா என்றில்லை, எப்படி என்றில்லை. யாருக்காவது தெரியுமா.

"கரம் ஆடுறவன்களுக்குத் தெரியும்" என்றேன். அவளுக்கு அதுவும் விளங்கவில்லை.

அடுப்பை அணைத்தாள். சேலை முந்தானையில் கையைத் துடைத்தாள். "பஸ் போயிரும், கெளம்பு" என்றாள். பஸ்ஸுக்கு இன்னும் நிறைய நேரமிருந்தது. தரிப்பிடத்தில் தனியாக நின்றேன், மழையில், ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல்.

ரேணுவிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டாள். "சத்தியம் பண்ணுனியே" என்று மட்டும் ஒரு தடவை.

ஜூன் 11, புதன்

மழை. காய்ச்சல் மாதிரி இருக்கிறது, காய்ச்சலில்லை.

லூடோவைத் திறந்தேன். "சிவா அறையை விட்டு வெளியேறிவிட்டார்." அதன் கீழே பச்சை நிறத்தில், புதிய நண்பரை அழைக்கவும் என்று ஒரு பட்டன்.

மத்தியானம் அவனிடமிருந்து ஒரு வரி: மொதல்லயே எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல.

நான் எழுதி அழித்தவை: மன்னிச்சிரு. / எப்படிடா சொல்றது? / நீ ஏன் அவ காயை மட்டும் விட்ட? / மன்னிச்சிரு. / உனக்கு நல்ல பொண்ணு கிடைப்பா. (இதை எழுதியதற்கு எனக்கே செருப்படி கொடுக்க வேண்டும். செருப்புக் கேக் இல்லை, செருப்பு.)

அனுப்பியது: ஆமா. சொல்லிருக்கணும்.

நீல டிக் விழுந்தது.

யாழ்ப்பாண சேரின் ஆபீஸிலிருந்து மெசேஜ், மன்னிக்கவும், இடம் நிரம்பிவிட்டது. நிரம்பட்டும். கல்யாணம் முடித்த எவளாவது உட்கார்ந்திருப்பாள்.

யார்மேல் கோபம் என்றே தெரியவில்லை இப்போது. அம்மாமேலா, அந்த மேனேஜர்மேலா, பயந்த ரேணுமேலா, வாயை அடக்காத என்மேலா. சேலை எடு, முடிச்சுப் போடு, இறுக்கிப் போடு. எல்லாவற்றுக்கும் எங்களுக்கு ஒரு இடம் வைத்திருக்கிறார்கள், எங்கள் இடத்தைத் தவிர.

ஜூன் 12, வியாழன்

ரேணுவுக்கு ஓஃப். கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். பேசாமல்தான், ஆனால் ஒரே சுளகில்.

அவள் போன் அடித்தது. என்னுடையது இல்லை, அவளுடையது. என் அம்மா.

எடுக்காதே என்று தலையாட்டினேன். எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"ரேணுவா?"

"ஆமாங்க."

"அவ பக்கத்துல இருக்காளா?"

"இருக்கா."

"இருக்கட்டும். இங்க பாரும்மா. ரெண்டு நாளா நான் தூங்கல. மாத்தளைக்கும் போவல, ஒங்க வீட்டுல ஒண்ணும் சொல்லவும் மாட்டேன். நானும் பொம்புள புள்ள பெத்தவதான். பெரியவனுக்கு வேற எடம் பாக்குறேன். நீ நம்ம வீட்டுக்கு வரலாம், போகலாம், திங்கலாம். நான் தடுக்க மாட்டேன். ஆனா ஒண்ணு. இனிமே என்னைய அத்தைனு கூப்பிடக் கூடாது. அம்மானு கூப்பிடு. நீயும் எனக்கு ஒரு மக. அவளுக்கு நீ தங்கச்சி. அவ்வளவுதான், அதோட முடிஞ்சிருச்சு. ஊருலயும் ஒருத்தனும் ஒண்ணும் கேக்க மாட்டான். என்னா, வெளங்குதா?"

நல்லவள் மாதிரிப் பேசுகிறாள். அழுதிருக்கிறாள் என்று குரலிலேயே தெரிகிறது. அவளால் முடிந்த பெரிய விட்டுக்கொடுப்பு இதுதான் என்றும் எனக்குத் தெரிகிறது. அதனாலேயே இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. போனைப் பிடுங்கக் கையை நீட்டினேன்.

ரேணு என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீங்கிய கை. வலிக்கப் பிடித்தாள். காரணம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியவள். பயந்தவள்.

"வெளங்குதுங்க அத்தை" என்றாள்.

அந்தப் பக்கம் அம்மா ஏதோ பாத்திரத்தை டக்கென்று வைத்தாள்.

பிறகு அம்மா: "வைடி போனை."

ரேணு வைக்கவில்லை. அம்மாவும் வைக்கவில்லை.